அரைப்பேர்

நம் லயத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர் காட்டுக்கு நாம் வந்து இறங்கிய அந்த மழைக்காலம் அவ்வளவு இனிமையாக இருந்ததாம். ஊர்க்காரர்கள் ஓடி வந்து நம்மை அணைத்துக்கொண்டார்களாம். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் பூப்படமும் கைகூப்பும் படமுமாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் அணைத்தார்கள்? எந்தக் கையால் அணைத்தார்கள்? நான் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்த பெண். எனக்குக் கண்ணும் இருந்தது, காதும் இருந்தது. அதனால் வீட்டு வேலையை எல்லாம் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் தலையும் வாலும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவர்கள் நாம். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, நம்மில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டன. இந்தியாவின் பங்கில் விழுந்தவர்கள் கப்பல் ஏறினோம். கப்பலுக்காகக் கொடுத்த எங்கள் குடும்பக் கார்டில் மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். தலைமன்னாரில் வெளியேற்ற முத்திரை குத்தி முடித்தபிறகு, கப்பல் ஏறுவதற்கு முன்னால், சரக்குக் கொட்டகையில் வைத்து அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. அங்கேதான் தம்பி பிறந்தான். அடுத்த கப்பல் வரும்வரை கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தோம். அந்தக் கரைக்காரர்கள், நீங்கள் போய்விட்டதாக எழுதியாயிற்று, போனவர்களுக்கு இங்கே பிள்ளை பிறக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கரையில் மண்டபம் முகாமில் இருந்த அதிகாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மூன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒன்றும் போட்டார். போகிற ஊரில் பதியும்போது மையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தம்பி இந்த நாட்டுக்குள் நுழைந்தது அப்படித்தான். அந்தப் பென்சில் எழுத்தை அம்மா வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தாள். மழைச் சாரல் பட்டுவிடக் கூடாது என்று பஸ்ஸில் கார்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நமக்கு ஒதுக்கிய ரப்பர் தோட்டம் மலையடிவாரத்தில் இருந்தது. பக்கத்து ஊரில் பார்வத்தியாரிடம் போய்ப் பதிந்தால்தான் லயத்து வரிசை வீட்டில் ஒரு அறை, ரேஷன், அப்பாவுக்குப் பால் வெட்டுகிற வேலை எல்லாம். ஊர்க் கணக்கையும் பிறப்பு இறப்பையும் எழுதுகிற அதிகாரியை அந்தப் பக்கத்தில் பார்வத்தியார் என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லே புதிது. என் வாயில் அது 'பார்வதியார்' என்றுதான் வந்தது. யாரோ ஒரு பொம்பளை அதிகாரி என்று நினைத்துக்கொண்டு போனேன்.

லயத்திலிருந்து ஓடையைத் தாண்டி இறங்க வேண்டும். அட்டைக் கடி நமக்குப் புதிதில்லை, தேயிலைக் காட்டில் பழகியதுதான். ரப்பர் பாலும் ஆசிடும் கலந்து புளித்து வரும் நாற்றம்தான் குடலைப் பிடுங்கும். சோறு தின்னும்போதும் அதுதான், தலைமயிரிலும் அதுதான். அம்மா முழங்கையில் தம்பியைக் கிடத்திக்கொண்டு மூக்கைச் சேலையால் பொத்தியபடி நடந்தாள்.

பார்வத்தியார் ஆம்பிளைதான். இஸ்திரி போட்ட வேட்டி, கழுத்துக் காலருக்குள் மடித்து வைத்த கைக்குட்டை. அவர் மேசை மேல் ஒரு தூசி இருக்காது. பேனா ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோலப் புத்தகங்கள். வெடிப்பு, வெடிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் எப்போதும் இருக்கும். சுத்தமாக, அழகாக என்று அர்த்தமாம். நாங்கள் உள்ளே போனதும் எங்கள் காலைத்தான் முதலில் பார்த்தார். செம்மண் அப்பிய கால்கள். வாசலுக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, அப்பாவை மட்டும் கூப்பிட்டுக் கார்டை வாங்கினார்.

"மூணு பேருன்னுல்லா எழுதியிருக்கு. நாலாமத்தவன் எங்கேயிருந்து வந்தான்?"

அப்பா பென்சில் எழுத்தைக் காட்டினார். ஆபீஸ் என்றால் அப்பாவுக்கு முதுகு தானாக வளையும். துரைக்கு முன்னால் நின்று நின்று வளைந்தது அது. அவர் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"பென்சில்ல எழுதினதுக்கெல்லாம் கணக்கு கெடையாது, கேட்டியா. இதை எவன் வேணும்னாலும் எழுதலாம்."

அதற்குத்தான் அம்மா வாசலிலிருந்து பேசினாள். அவள் பேசியதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள், அவர்களுக்குப் புரியவில்லை. நம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை முழுதாகச் செய்தால் கணக்குப்பிள்ளை ஒரு பேர் போடுவார். கொழுந்து நிறை குறைந்தாலோ, மழையில் பாதியில் திரும்பினாலோ அரைப்பேர். பேர் விழுந்தால் அடுப்பு எரியும். அம்மாவுக்குப் 'பேர் போடுவது' என்றால் அதுதான். ஒரு ஆளை ஆள் என்று ஒத்துக்கொள்வது.

"அய்யா, கைப்புள்ளதானே. முழுசாப் போட முடியாட்டி அரைப்பேராச்சும் போடுங்க" என்றாள்.

ஆபீஸே சிரித்தது. கிளார்க் சிரித்தார், வரி கட்ட வந்து நின்ற ஆட்கள் சிரித்தார்கள், எதிர்ச் சாயாக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டு அவர்களும் சிரித்தார்கள். பிள்ளைக்குப் பாதிப் பேரு போதுமாம், எந்தப் பாதி வேணும்னு கேளும் ஓய் என்றார் ஒருத்தர். பார்வத்தியார் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமான அழி ரப்பரை எடுத்தார். கார்டு வெடிப்பா இருக்கணும் என்று சொல்லிக்கொண்டே கூட்டலையும் ஒன்றையும் அழித்தார். அழித்த தூளை வாசல் பக்கமாக ஊதினார். அது அம்மாவின் மேலும் தம்பியின் மேலும் விழுந்தது.

ரப்பருக்காக நம்மை இங்கே கொண்டுவந்தார்கள். வந்த வாரமே ஒரு துண்டு ரப்பரை வைத்து எங்கள் வீட்டில் ஒருத்தனை அழித்தார்கள். இதைத்தான் அணைத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார் நம் குழுக்காரர்.

அன்றிலிருந்து தம்பிக்கு ஊரில் அரைப்பேரு என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "ஏட்டி, அரைப்பேரு சொகமா?" என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி என்று சொன்னால் வகுப்பே உருளும். அவர்கள் குடிப்பது சாயாவாம், அது மட்டும் பெரிய தமிழ். மரவள்ளிக் கிழங்கு என்றால் மரச்சீனி என்று திருத்துவார்கள். டீச்சரும் சேர்ந்து திருத்துவார். பதிலுக்கு நான் இரண்டு பேரைக் கடித்தேன். அதில் ஒருத்தி இன்று நம் குழுவில் ஒருவருக்குச் சம்பந்தி. யார் என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஊரில் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள் சாயாக்கடைக்காரி. அவளும் புருஷனும் மட்டும்தான், பிள்ளை இல்லை. புருஷன் பாய்லருக்குப் பின்னால் நிற்கிற வாயில்லாத மனுஷன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப் போனபோது, தினமும் காலையில் வந்து பசும்பால் வாங்கிக்கொண்டு போ என்று அவளாகவே சொன்னாள். சிலோனிலிருந்து கொண்டுவந்த காலிப் பால்பவுடர் டின், நாம் பால்மா டின் என்போமே, அது ஒன்று எங்களிடம் இருந்தது. மஞ்சள் டின், மூடியில் ஒரு நசுங்கல். அதைத் தூக்கிக்கொண்டு நான் ஓடையைத் தாண்டி ஓடுவேன். பால் நிரம்பிய டின் கைக்குச் சூடாக இருக்கும். திரும்பி வரும் வழியில் மூடியில் ஒட்டியதை நக்கிக்கொள்வேன்.

அவள் லயத்துக்கும் வருவாள். தம்பியைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்து, எனக்க மக்கா, எனக்க பொன்னு, எனக்க பிள்ளை என்று கொஞ்சுவாள். 'என்னுடைய' என்பதற்கு அந்தப் பக்கத்தில் 'எனக்க' என்பார்கள். அது நம் காதுக்கு விசித்திரமாக இருந்தது. அவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். என்னைக்கூட ஒருமுறை, எனக்க மக்கா, பால் சிந்தாம கொண்டு போ என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அவளை அக்கா என்று கூப்பிட்டாள். இந்த ஊர்ப் பேச்சே சீனி போட்ட மாதிரி இருக்கு என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த மழைக்காலத்தில் அம்மா சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் வேறு ஒரு பயத்தில் இருந்தார். கணக்கில் இல்லாத ஆளை வீட்டில் வைத்திருந்தால் மொத்தக் குடும்பத்தையும் மண்டபத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ லயத்தில் கிளப்பிவிட்டிருந்தார்கள். யார் கிளப்பியது என்று உங்களில் ஒருவருக்குத் தெரியும். உங்கள் அப்பாதான். போகட்டும். அப்பாவுக்கு அதற்குப்பிறகு தூக்கமே போய்விட்டது. ஜீப் சத்தம் கேட்டால் தம்பியைப் போர்வையால் மூடச் சொல்வார். அம்மா மூட மாட்டாள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் பார்வத்தியார். பார்வத்தியார் அப்பாவின் தோளில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். நம் ஆள் ஒருவர் தோளில் அந்தக் கை பட்டதை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. சாயாக்கடைக்காரி எனக்கு ஏத்தன்பழ பஜ்ஜி கொடுத்தாள். அப்பாவின் கட்டை விரலில் மை இருந்தது. வீட்டில் கேட்டால் ரேஷனுக்கு என்று சொல் என்றார். அம்மா கேட்கவே இல்லை, நானும் பஜ்ஜி ருசியில் மறந்துவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. சாயாக்கடைக்காரி வெள்ளைச் சேலை உடுத்திக் குடையோடு லயத்துக்கு வந்தாள். கையில் பேப்பர் சுற்றிய பொட்டலம். அதில் பிள்ளைக்கு வெள்ளைக் கவுன், கழுத்தில் லேஸ் ரேந்தை வைத்தது, முத்துப் பொத்தான். அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தம்பியைக் குளிப்பாட்டி, கவுனைப் போட்டு, அவள் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்க பிள்ளை ராசா மாதிரில்லா இருக்கான். அப்போ நான் கொண்டு போகட்டா? கோயில்ல போதகர் காத்திருப்பாரு. இன்னைக்கி பேரு வைக்கணும்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எந்தக் கோயிலுக்கு அக்கா, என்ன பேரு என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எழுதிக் குடுத்தாச்சுல்லா. எனக்க வயித்துல பொறந்ததாட்டு புக்குல ஏத்தியாச்சு. அவரு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

அம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. சிரிப்பை எடுக்க மறந்துவிட்டாள் போல. பிறகு ஒரே பிடுங்கலாகத் தம்பியைப் பிடுங்கினாள். கவுனில் ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. அதைத் தேடி எடுக்கக் குனிந்த சாயாக்கடைக்காரியைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். 'எனக்க' என்று அவள் சொன்னதெல்லாம் பேச்சு வழக்கு இல்லை, நிஜமாகவே என்னுடையது என்றுதான் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பா வந்ததும் எல்லாம் வெளியே வந்தது. இது பார்வத்தியார் சொன்ன வழி. சிலோனிலும் பிறக்காத, இந்தியாவிலும் பிறக்காத பிள்ளையை எந்தப் புத்தகத்திலும் ஏற்ற முடியாது. சாயாக்கடைக்காரிக்குப் பிறந்ததாக எழுதிவிட்டால் இந்த ஊர்ப் பிள்ளை ஆகிவிடுவான், பிறகு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிள்ளை நம்மிடமே இருக்கும். பின்னால் வம்பு வரக் கூடாது என்பதற்காக அப்பா ஒரு கைநாட்டு வைத்துக் கொடுத்தார். அவளிடம் என்ன சொல்லி வைத்தார்கள் என்பது வேறு கதை. பிள்ளையையே தருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"காகிதத்துலதானே" என்றார் அப்பா. "புள்ள நம்மகிட்டதானே இருக்கப் போகுது."

"உங்க பேரை ஒருத்தனுக்கு எழுதிக் குடுத்துட்டு வாங்க பாப்போம்" என்றாள் அம்மா.

அப்பா மேல் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்கள் வீட்டுக்குச் செய்வதைக் கெட்டவர்களால்கூடச் செய்ய முடியாது. பார்வத்தியாரும் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார் என்று என் மகள் சொல்கிறாள், படித்தவள். பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை, பேப்பர் இல்லாதவனுக்குப் பேப்பர், புத்தகமும் வெடிப்பாக இருக்கும். நினைத்துக்கொள்ளட்டும். பிள்ளையைப் பெற்றவள் ஒருத்தி வாசலில் நின்றாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அந்த ஆள் செத்த அன்று லயத்திலிருந்து மாலை கொண்டு போனீர்கள் நீங்கள். நான் போகவில்லை.

மறுநாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கவுனைத் துவைத்துக் காயவைத்து மடித்து எடுத்துக்கொண்டாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதலில் சாயாக்கடைக்குப் போய், கவுனைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். பிறகு நேரே எதிரே ஆபீஸில் ஏறினாள். வாசலில் நிற்கவில்லை. சேற்றுக் காலோடு உள்ளே போய், கார்டை மேசை மேல் போட்டு, திறந்திருந்த புத்தகத்தின் மேலேயே தம்பியைக் கிடத்தினாள். அவன் மேல் ஒரு துணிகூட இல்லை.

"ஏட்டி, என்ன காட்டுத நீ?" என்று பார்வத்தியார் எழுந்துவிட்டார்.

"புள்ளைக்குப் பேர் போட்டுட்டுக் கூப்பிடுங்க அய்யா. அரைப்பேர் வேணாம். முழுப்பேர். என் பேருல. பேனாவுல."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வெளியே வந்து, அயினி மரத்தடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தம்பி வீறிட்டான். நான் நடுவாசலில் நின்றேன். அந்தப் புத்தகத்தில்தான் அவன் சாயாக்கடைக்காரியுடைய பிள்ளை என்று எழுதியிருக்கிறது. இப்போது அவனை அவர்கள் மேசை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். எடுத்துக்கொண்டு போ என்று பார்வத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர்க் கடையிலிருந்து சாயாக்கடைக்காரி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓடி வருவது தெரிந்தது.

நான் வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். கடிப்பேன் என்றேன். நான் கடிப்பேன் என்பது அதற்குள் ஊருக்கே தெரியும். அவள் நின்றுவிட்டாள். என்னைத் தள்ளிவிட்டுப் போக அவளால் முடிந்திருக்கும், நான் என்ன பெரிய மலையா? ஆனால் நின்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் தம்பி மேசை மேல் ஒன்றுக்குப் போய்விட்டான். அந்தப் புத்தகத்தின் மேல், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பக்கத்தின் மேல், மையெல்லாம் கரைந்து ஓடும்படி. பார்வத்தியார் போட்ட சத்தம் ஓடை வரைக்கும் கேட்டிருக்கும். கைக்குட்டையை எடுத்து ஒற்றினார், மை இன்னும் பரவியது. கிளார்க் தம்பியைத் தூக்கப் போனார், அவருடைய சட்டையும் நனைந்தது. இந்தச் சவத்தை முதல்ல இங்கேயிருந்து எடுக்கச் சொல்லும் ஓய் என்று அந்த ஊர் வசவில் கத்தினார் பார்வத்தியார். நான் வாசலிலிருந்தே கத்தினேன், பேர் போட்டால்தான் எடுப்போம் என்று.

போட்டார். மேசையில் கிடந்த கார்டை இழுத்து, மூன்றை அடித்து நான்கு என்று எழுதி, அதன் கீழே 'ஆண் குழந்தை ஒன்று' என்று எழுதி, அம்மாவின் பேரைக் கேட்டு அதையும் எழுதி, முத்திரையை மேசை அதிரக் குத்தினார். மையில். இரக்கப்பட்டுப் போடவில்லை, அதை நன்றாக நினைவில் வையுங்கள். மேசையைத் துடைக்க வேண்டும் என்பதற்காகப் போட்டார். பிறப்புப் புத்தகத்தில் சாயாக்கடைக்காரிக்குப் பிறந்ததாக எழுதியதை மட்டும் அடிக்கவில்லை. மூத்திரத்தில் தப்பித்த பக்கம் அது, அதிலும் ஒரு கோட்டை இழுத்து அசிங்கமாக்க மனம் வரவில்லையோ என்னமோ. அப்படியே விட்டுவிட்டார். அதனால் தம்பி இந்த ஊரில் இரண்டு அம்மாக்களுக்குப் பிறந்தவன்.

அம்மாவின் துணிச்சலை நினைத்து நான் எத்தனையோ வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன். மரத்தடியில் அவள் உட்கார்ந்தது ஒரு மகாராணி உட்கார்ந்ததாக எனக்குள் பதிந்திருந்தது. அவள் கடைசிக் காலத்தில் ஒருநாள் கேட்டேன், சாயாக்கடைக்காரி தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. "காலு வரலடி, அதான் உக்காந்தேன்" என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாளாம், முடியவில்லையாம். சாயாக்கடைக்காரி வருவது காலடிச் சத்தத்தில் தெரிந்ததாம், தலையைத் தூக்கத் தைரியம் இல்லையாம்.

ஊர் அதற்குப்பிறகு எங்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரியும், மறந்ததுபோல நடிக்காதீர்கள். பிள்ளை தாறேன் என்று ஆசை காட்டிக் கழுத்தறுத்த சிலோன்காரி என்று அம்மாவுக்குப் பட்டம். ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் ஆட்கள் புகுந்துகொண்டே இருப்பார்கள். பால் நின்றுபோனது. தம்பி கஞ்சித் தண்ணியில் வளர்ந்தான், அதனால்தான் அந்தக் கால் இன்றும் குச்சிக் கால். நம் லயத்துப் பெண்களும் கொஞ்ச நாள் அம்மாவோடு தண்ணிக்குப் போகவில்லை. ஊரைப் பகைத்துக்கொண்டவளோடு சேர்ந்தால் நமக்கும் ஆகாது என்று. அதையும் எழுதத்தான் செய்வேன்.

அடுத்த நாள் பாலுக்காகக் கொடுத்து வைத்திருந்த பால்மா டின் அப்படியே சாயாக்கடையிலேயே நின்றுவிட்டது. கேட்க யாருக்கும் வாய் இல்லை. பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் பார்ப்பேன், மஞ்சள் டின் பாய்லருக்குப் பக்கத்தில் கரண்டிகளோடு நிற்கும். தம்பி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு, அவன் போகிற நேரம் பார்த்து அவள் வெளியே வந்து நிற்பாள். ஒருமுறை, உனக்க பேரு என்ன மக்கா என்று கேட்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். அது தெரிந்து அம்மா அவன் தொடையில் விறகால் அடித்த தழும்பு இருக்கிறது. அவளும் ஏமாந்தவள்தான் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு வாசலில் நின்றாளே, அது பெரிய விஷயம் என்பதும் புரிகிறது. பாவம் என்று சொல்ல வாய் வருகிறது, மனம் வரவில்லை. ரோட்டை அகலப்படுத்தக் கடையை இடித்தபோது டின்னும் மண்ணோடு போய்விட்டது.

இப்போது எதற்காக இதெல்லாம் என்றால், போன மாதம் மறுபடியும் வந்தார்கள், தெரியும்தானே. வாக்காளர்களைச் சரிபார்க்கிறார்களாம். எங்கே பிறந்தாய், அப்பா யார், அம்மா யார், அவர்கள் எங்கே பிறந்தார்கள், எல்லாவற்றுக்கும் பேப்பர். அம்மா பேரை எழுதிய அந்தக் கார்டு என் பீரோவில் இருக்கிறது. தம்பி பஸ் கண்டக்டராக இருந்து தலை நரைத்துவிட்டது. இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டான். அவனும் நாகர்கோவிலிலிருந்து என் வீட்டுக்கு வந்து பேப்பர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தலைமன்னார் கொட்டகைக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்?

நான்தான் சொன்னேன். பழைய பிறப்புப் புத்தகத்தில் சாயாக்கடைக்காரி பேரில் உன் பிறப்பு இருக்கிறது, நகல் வாங்கினால் நீ இந்த மண்ணில் பிறந்தவன், ஒரு கேள்வி வராது, பேரப்பிள்ளைகளுக்கும் நல்லது என்று சொன்னேன். அவன் பேப்பர்களை அடுக்கத் தொடங்கினான். நான் விடவில்லை.

"காகிதத்துலதானேடா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அப்பாவின் குரல், அப்பாவின் வார்த்தை. ஐம்பது வருஷமாக நான் திட்டிக்கொண்டிருக்கிற வார்த்தை.

தம்பிக்குக் கோபம் வரவில்லை. "அம்மா என்னை மேசை மேல வச்சிட்டு வெளியே காத்திருந்தா. நான் எறங்கி வேற வீட்டுக்குப் போயிரட்டா?" என்றான்.

மறுநாள் அவன் பகுதிக்குச் சரிபார்ப்பு நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் போனோம். மேசையில் இருந்தது ஒரு டீச்சர், சின்னப் பெண், மரியாதையாகத்தான் பேசினாள். எனக்குத்தான் அந்த மேசையைப் பார்த்ததும் பல்லைக் கடிக்க வந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுக்கே குழப்பமாகிவிட்டது. கொட்டகையில பொறந்தேன்னு எழுத முடியாதே அண்ணா, இது இப்படி இருந்தா உங்க பேரு நிக்குமோ நிக்காதோ தெரியாது என்றாள். அது உங்க பாடு, அதைப் பெறகு பாப்போம், மொதல்ல அம்மா பேரை எழுதும்மா என்றான் தம்பி.

அவள் கார்டைப் பார்த்தாள். ஐம்பது வருஷத்து மை, பழுத்துப் போயிருந்தது. மேலிடத்துல கேட்டுட்டு உறுதியா எழுதிக்கிடலாம், இப்போதைக்குக் குறிச்சு வைக்கேன் என்று சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த பென்சிலை எடுத்தாள்.

தம்பி காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான். கண்டக்டர் வேலையை விட்டாலும் அந்தப் பழக்கம் போகவில்லை அவனுக்கு. அவள் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தான்.

"இதுல எழுதும்மா" என்றான். பிறகு அம்மாவின் பேரை, அவள் அப்பா பேரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னான்.